மனுதாரரின் நாத்தனார்

மார்ச் 6

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் அண்ணனாகிய என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி மட்டும் அவ்வப்போது வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ இளைத்துப் போனால், சிறையிலிருந்து வெளியே வந்ததும் என் தம்பி என்னைத்தான் கேட்பான்.

உயர் நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆனதிலிருந்து நீ வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். அழுதது போதும். இன்னும் ஒரு படி இருக்கிறது. அதுவும் என் கடைக்கு எதிர்ச் சாரியில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்து வக்கீல்களுக்குக் கறுப்பு அங்கி தைத்தே இந்தத் தலைநகரில் இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். அவர்களில் நெட்டை வக்கீல் என்று ஒருவர். கை நீளத்துக்கு எப்போதும் துணி பற்றாது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோல் ஆலைத் தொழிலாளி ஒருவரைப் போலீஸ் அழைத்துப் போனது, மறுநாள் பிணமாகக் கொடுத்தது, தொழிற்சங்கத்துக்காக நம் ஆள் ஒரு நோட்டீஸ் அச்சடித்தது, எல்லாம். நோட்டீஸைக் காட்டினேன். 'நடந்து போனவர் பிணமாக வந்தது எப்படி?' அவ்வளவுதான் அதில் இருப்பது. கீழே ஒழுங்காக அவன் அச்சகத்தின் பெயர்.

"இதுக்கா ஒரு வருஷம் தடுப்புக் காவல்?" என்றார்.

"விசாரணைகூடக் கிடையாதாம் சார். திருடனுக்குக்கூட விசாரணை உண்டு" என்றேன்.

வழக்கை எடுத்துக்கொண்டார். மனுவில் என் பெயரைப் போடச் சொன்னேன். "கல்யாணம் ஆனவராச்சே. மனைவி பேர்ல போட்டாத்தாம்மா எடுபடும்" என்றார். "அஞ்சு வயசுல அம்மா போனதிலேருந்து வளர்த்தது நான் சார்" என்றேன். "அது சட்டத்துக்குத் தெரியாதும்மா" என்று சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறதோ.

காகிதங்களை அனுப்பியிருக்கிறேன். பென்சிலில் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு. உன் பெயர்தான் முன்னால் வரும். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

அவனைப் பார்த்தாயா? என்னைக் கேட்டானா?

இப்படிக்கு,
அவன் அக்கா

மார்ச் 15

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். அண்ணனின் முட்டி வலிக்கு எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வேலைக்கும் போகிறேன். பல் மருத்துவமனையில் சும்மா இருந்தால் விடுவார்களா? ஊராரை வாய் திறக்கச் சொல்வது என் வேலை. வாய் திறந்ததற்காக உள்ளே போனவர் என் வீட்டுக்காரர். டாக்டர்கூட இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சிறையில் மாதத்துக்கு ஒரு சந்திப்புதான், அதுவும் ஒரே ஒருவருக்கு. நடுவில் இரண்டு கம்பி வலை. ஒரு வலை இருந்தால் முகம் தெரியும், இரண்டு இருப்பதால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. மெலிந்திருக்கிறார். தைரியமாக இருக்கிறார். "நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே, எனக்கென்ன பயம்?" என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் நின்ற காவலர் என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்களைக் கேட்டார்.

அவர் மாதத்துக்கு இரண்டு கடிதம் எழுதலாம் என்று விதி. எனக்கு ஒன்றுதான் வந்தது. இன்னொன்று தொலைந்துவிட்டதா என்று சிறை அலுவலகத்தில் விசாரித்தேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தொலையலம்மா, அவங்க அக்காவுக்குப் போயிருக்கு" என்றார்கள். நிம்மதியாயிற்று.

இப்படிக்கு,
அவர் மனைவி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

நலம். உன் நலம் அறிய எழுதுகிறேன். ஒத்தடம் கொடுத்ததில் உன் அண்ணனுக்குத் தேவலை.

கடிதம் எனக்கு வந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்டாய், சரி. அதில் பனியன் வேண்டும், கண்ணாடிக்குப் புது உறை வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறான். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் மை பூசி அழித்துவிடுகிறார்களே. மற்றது அக்கா தம்பிக்குள் உள்ளது.

நேற்று வழக்கு எடுக்கப்பட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கூரை அவ்வளவு உயரம், பேச்சு அவ்வளவு மெதுவு. நீதிபதிகள் மூன்று பேர். நடுவில் இருப்பவரின் அங்கி என் கடையில் தைத்தது, இடது தோள் சற்று இறங்கியிருக்கிறது. அடுத்த முறை சரி செய்ய வேண்டும். வழக்கைக் கூப்பிட்டார்கள். உன் பெயரைத்தான் உரக்கச் சொன்னார்கள், 'எதிர் அரசு' என்று. இத்தனை பெரிய அரசுக்கு எதிரே உன் பெயர் நின்றது. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

நெட்டையர் நன்றாகப் பேசினார். "ஒரு கேள்வியைக் கண்டு பொது அமைதி குலையுமென்றால், குலைந்தது அமைதியா, கேள்வி கேட்கப்பட்டவர்களின் தூக்கமா?" என்றார். நடு நீதிபதி தலையை ஆட்டினார். ஆட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லையாம்.

வெளியே ஒரு பத்திரிகைக்காரர் ஓடி வந்து, "நீங்கதான் அவர் மனைவியா?" என்றார். "அக்கா" என்றேன். "அப்படியா" என்று பேனாவை மூடிவிட்டார். இன்றைய பத்திரிகையில் உன்னைப் பற்றி அரைப் பத்தி வந்திருக்கிறது. கடைசியில் ஒரு வரி: 'மனுதாரரின் நாத்தனாரும் வந்திருந்தார்.' கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி.

வெட்டி அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

அவன் அக்கா

மே 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம். அண்ணனுக்குத் தேவலை என்றதில் சந்தோஷம்.

நீங்கள் அனுப்பும் முன்பே இங்கே எல்லோர் கையிலும் அந்தப் பத்திரிகை வந்துவிட்டது. ஆசிரியர் சங்கத்தில் என்னை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். நான் என்ன பேசுவது? "உங்க பல்லெல்லாம் நல்லா இருக்கணும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கும் கைதட்டினார்கள். உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது.

நீங்கள் நேரில் எல்லாம் பார்க்கிறீர்கள். நீதிபதியின் தோள் இறங்கியது வரை தெரிகிறது. நான் இங்கே பெயரை மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த விசாரணையின்போது அரசு வக்கீல் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். சென்ற கடிதத்தில் அதை விட்டுவிட்டீர்கள். கெட்ட செய்தி என்பதால் விட்டீர்களா, எனக்கு எதற்கு என்று விட்டீர்களா?

அவர் நன்றாக இருக்கிறார். நாங்கள் என்ன பேசினோம் என்பது புருஷன் பெண்டாட்டிக்குள் உள்ளது.

அவர் மனைவி

ஜூன் 9

அண்ணிக்கு,

இன்று காலை சிறை வாசலில் நின்றேன். புதுச் சலவைச் சட்டையும் இரண்டு புத்தகமும் கொண்டுபோயிருந்தேன். காவலர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் பாத்தாச்சேம்மா" என்றார்.

"நான் இப்பத்தானே வர்றேன்?"

"அவங்க அக்கா முந்தாநாள் வந்துட்டுப் போயிட்டாங்க. மாசத்துக்கு ஒருத்தர்தான். அடுத்த மாசம் வாங்க."

ஒரு மாதமாக உங்களிடமிருந்து எனக்குக் கடிதம் இல்லை. கடிதம் வராததன் காரணம் ரயிலேறி வந்திருக்கிறது. ஊருக்கு வந்தீர்கள், என் வாசலை மிதிக்கவில்லை. 'வருகிறேன்' என்று ஒரு வரி போட்டிருந்தால் ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன். வேண்டாம் என்றால் வராமலும் இருந்திருப்பேன். என் பங்கை எடுத்துக்கொண்டு போவதாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

சட்டையை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் மடிப்புக் கலையவில்லை.

ஜூன் 30

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

நலம். நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும். கோபம் உடம்புக்கு ஆகாது.

ஆமாம், வந்தேன். கேட்டால் நீ விட மாட்டாய் என்று கேட்காமல் வந்தேன். உன் வீட்டுக்கு வந்திருந்தால் நீ உபசரித்தே என்னைக் கட்டிப்போட்டிருப்பாய், "அடுத்த மாசம் பாருங்க அண்ணி" என்றிருப்பாய், நானும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். நான்கு மாதமாக அவன் முகத்தை உன் எழுத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'மெலிந்திருக்கிறார்', 'நன்றாக இருக்கிறார்.' இரண்டே இரண்டு சொல். பிச்சை போடுகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் போடுவார்கள்.

என்ன பேசினோம் என்று கேட்காதே.

இப்போது அவசரமான விஷயம். அரசு வக்கீல் நெட்டையரைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நாம் மனுவை வாபஸ் வாங்கினால் அவர்கள் காவல் உத்தரவை ரத்து செய்து மறுநாளே அவனை விட்டுவிடுவார்களாம். தீர்ப்பு என்று ஒன்று வந்து தங்களைக் கட்டிப்போடுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாபஸ் வாங்க மறுத்தால் வழக்கு நடக்கும். ஜெயிக்கலாம், தோற்கலாம். தோற்றால் வருடம் முடியும் வரை உள்ளேதான். முடிந்ததும் இன்னொரு உத்தரவு போடலாம். நெட்டையர் சொன்னார், "நான் சொல்றதுக்கில்லம்மா. மனுதாரர் சொல்லணும். உள்ளே இருக்கிறவர் சொல்லணும்."

மனுதாரர் நீ. வரும் மாதச் சந்திப்பும் உன்னுடையது. அவனைக் கேட்டு உடனே எழுது. என் அபிப்பிராயத்தை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பிற்பாடு 'அக்கா சொன்னாள்' என்று ஆகும். அவன் வாயாலேயே வரட்டும்.

அவன் அக்கா

ஜூலை 8

அண்ணிக்கு,

வணக்கம். நலம்.

கேட்டேன். மனுவை வாபஸ் வாங்குவதில்லை. வழக்கு நடக்கட்டும் என்று வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு வேண்டிய கடிதம் என் கையெழுத்தோடு இதில் இருக்கிறது.

அவர் மனைவி

ஜூலை 29

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

நலம். அங்கே மழை என்று பத்திரிகையில் படித்தேன். அச்சகத்துக்குப் போலீஸ் சீல் வைத்திருப்பதால் நீ உள்ளே போக முடியாது. காகிதக் கட்டு இருக்கிற பக்கம் ஒழுகுகிறதா என்று வெளியிலிருந்தாவது பார்.

உன் கடிதத்தை நெட்டையரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இப்படி ஒரு கட்சிக்காரர் கிடைச்சு ரொம்ப நாளாச்சு" என்றார். உன்னைத்தான். இரண்டு நாள் வாதம் நடந்தது. அரசு வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாயே, எழுதுகிறேன். "இன்று கேள்வி கேட்பார்கள், நாளை கல் எறிவார்கள்" என்றார். "கல் எறிந்த பிறகு கைது செய்யுங்களேன்" என்றார் நடு நீதிபதி. கோர்ட்டே சிரித்தது. தீர்ப்பைத் தேதி குறிப்பிடாமல் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'கேட்டேன்' என்று இருக்கிறது. 'சொன்னார்' என்று எங்கேயும் இல்லை. தைக்கிறவள் நான். விட்டுப்போன தையல் என் கண்ணிலிருந்து தப்பாது.

அவன் என்ன சொன்னான்?

அவன் அக்கா

ஆகஸ்ட் 5

அண்ணிக்கு,

வணக்கம். காகிதக் கட்டு நனையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எல்லாவற்றையும் விளக்கினேன். வாபஸ் வாங்கினால் நாளைக்கே வீடு, வாங்காவிட்டால் எப்போது என்று தெரியாது என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம், "அக்காவைக் கேளு. அக்கா சொன்னா சரி" என்றார்.

ஆறு வருடக் குடித்தனம். மாதத்துக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணியில் எனக்குக் கிடைத்தது இது.

"நான் என்ன நினைக்கிறேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன். "அதில்ல..." என்று ஆரம்பித்தார். மணி அடித்துவிட்டார்கள்.

அன்று பிற்பகல் தோல் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் கன்னம் வீங்கி மருத்துவமனைக்கு வந்தாள். செத்துப் போனவரின் மனைவி. டாக்டர் ஊசி போட்டுவிட்டு நகர்ந்ததும், வாய் மரக்கும் வரை நான் பக்கத்தில் நின்றேன். பாதி மரத்த வாயோடு கேட்டாள்: "வாபஸ் வாங்கப் போறீங்கன்னு ஆலையில பேசிக்கிறாங்க. நெஜமா?"

நான் பஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"வாங்குங்க, தப்பில்ல. உங்க வீட்டுக்காரர் திரும்பி வருவார். எங்க வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள். எச்சில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்காகத்தான் மறுத்தேன் என்று எழுதினால் நான் பெரிய மனுஷி ஆகிவிடுவேன். பாதி அதுதான். மீதிப் பாதி கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த 'அக்கா' என்ற சொல். உங்களைக் கேட்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மனு என் பெயரில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. முடிவும் என்னுடையது. நீங்கள் கோபித்துக்கொள்ளலாம். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அவர் மனைவி

ஆகஸ்ட் 27

தம்பி பெண்டாட்டிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் இருந்த சொற்கள் நல்லவை அல்ல.

நான் ஜூனில் வந்தபோது என்ன பேசினோம் என்று கேட்காதே என்றேன். இப்போது சொல்கிறேன். உனக்கு வலிக்கட்டும் என்றும்தான் சொல்கிறேன். மறைக்கவில்லை.

அவன் என்னைப் பார்த்ததும் வலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஐந்து வயதில் அழுத மாதிரி, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. "அக்கா, என்னால முடியலக்கா. எப்படியாவது வெளியே எடுத்துடு. அவகிட்டே சொல்லிடாதே. அவ என்னைப் பெரிய வீரன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. அவ வர்ற நாளைக்கு முகத்தைக் கழுவிக்கிட்டு நிக்கிறேன்" என்றான்.

'அக்காவைக் கேளு' என்றானே, ஏன் என்று இப்போது புரிகிறதா? நான் வாபஸ் வாங்கச் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு நாடும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம், என் பிள்ளை வந்தால் போதும். 'எனக்குப் பயமாக இருக்கிறது, வீட்டுக்கு வரணும்' என்பதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அதை நீ சக்களத்தி பெயர் மாதிரி எடுத்துக்கொண்டாய்.

நான் மட்டும் யோக்கியமா? அவன் வரத் துடிக்கிறான் என்று தெரிந்தும் அன்றைக்கு ஒரு வரி எழுதவில்லை. அவன் வாயாலேயே வரட்டும், என் தம்பி எனக்குச் சொன்னதையே உன்னிடமும் சொல்லட்டும், அவன் மனசு யாருக்குத் தெரியும் என்பது அப்போது உனக்குப் புரியட்டும் என்று இருந்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பான். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு நுனியை இழுத்ததில் துணி நடுவில் கிழிந்தது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. தினமும் கோர்ட்டுப் பலகையைப் போய்ப் பார்க்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 30

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமா? நாங்கள் நலம். 'நாங்கள்' என்று எழுத எவ்வளவு நாளாயிற்று.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் எழுதவில்லை. என்ன எழுதுவேன்? ஆகஸ்ட் சந்திப்பில் அவர் "அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டதற்கு, "தீர்ப்புக்கு வெச்சிருக்காங்க" என்று மழுப்பியிருந்தேன். செப்டம்பரில் போனதும் நானே சொன்னேன். "அக்காவை நான் கேக்கவே இல்ல. வேண்டாம்னு முடிவு பண்ணினது நான்."

முகத்தைக் கழுவிக்கொண்டுதான் நின்றிருந்தார். இந்தத் தடவை எனக்கு அது தெரிந்தது. கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சரி" என்றார். மணி அடிக்கும் வரை வேறு பேச்சே இல்லை. அந்த ஒரு 'சரி'யைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் கால் நொந்துவிட்டது.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே மருத்துவமனைக்கு டிரங்க் கால் போட்டீர்கள். "ஜெயிச்சுட்டோம்டீ" என்று கத்தினீர்கள். என்னை 'டீ' போட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நோயாளி வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். அவரையும் மறந்துவிட்டேன். 'கேள்வி கேட்பது கலகம் ஆகாது' என்ற வரியை டாக்டர் பத்திரிகையிலிருந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை வெளியே விட்டார்கள். சிறை வாசலுக்குத் தோல் ஆலைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் பத்து வரிசை. தோளில் தூக்கிக்கொண்டு தொழிற்சங்க மண்டபத்துக்குப் போனார்கள். மேடையில் அவர் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்தார்கள். செத்தவரின் மனைவி முன் வரிசையில் இருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. மறு விசாரணைக்கு அவள் மனுப் போட்டிருக்கிறாள். இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் அதை எடுத்துக்கொள்ள வைத்தார்களாம்.

ஒரு நிருபர் எழுந்து கேட்டார்: "அரசாங்கம் உங்களை விடத் தயாரா இருந்துதாமே? ஏன் ஒத்துக்கலை?"

அவர் மைக்கைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார். "பேரம் பேசினாங்க. முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன்" என்றார்.

அண்ணி, அந்தக் கைதட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கூரைத் தகடு அதிர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் கைதட்டினேன். வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் கேட்பேன் என்று பயந்திருக்கிறார். சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "கடைவாய்ப் பல்லு ரொம்ப நாளா வலிக்குது" என்றார். விளக்கடியில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு பல் சொத்தை. அதை மட்டும் கண்டுபிடித்ததாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

ஊர் முழுக்க அவரை வீரர் என்கிறது. அவர் பயந்தார் என்பது உலகத்திலேயே உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்? யாரிடம் சொல்லி அழுவேன்? அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். உங்களிடம் அவர் அழுதிருக்கிறார். என்னிடம் இன்னும் பல் வலி வரைக்கும்தான் வந்திருக்கிறார்.

உங்கள்,
தம்பி பெண்டாட்டி

அக்டோபர் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உன் அண்ணன் வழக்கு ஜெயித்த சந்தோஷத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி, மறுபடியும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். மைக் இடத்துக்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அளவு கொடுக்க நின்றிருந்த வக்கீல் தன் வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

எனக்கும் உன்மேல் பொறாமை போகவில்லை. எப்படிப் போகும்? இப்போது இந்தத் தெருவில் எந்த வக்கீல் வாயைத் திறந்தாலும் உன் பெயர்தான், ஏதோ புதுசாக வந்த மருந்தின் பெயர் மாதிரி. உன் பெயரில் வந்த தீர்ப்பைச் சொல்லிச் சொல்லி வேறு வேறு ஊர்ச் சிறைகளிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கிறார்கள். முந்தாநாள் ஒரு தாயும் மகளும் நெட்டையரைத் தேடி என் கடைக்கு வந்தார்கள். மகன் வெளியே வந்துவிட்டானாம். அந்த அம்மாள் என் தையல் மேஜைமேல் தலையை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. என்னை விட்டிருந்தால் என் பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருப்பேன். இந்த அம்மாள் இன்னும் ஏதோ ஒரு சிறை வாசலில் நின்றிருப்பாள். அவளிடம் அதைச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

நீ செய்தது சரி என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. உள்ளே அவன் எப்படிக் கிடந்தான் என்று பார்த்தவள் நான்.

அவன் எனக்கும் எழுதியிருக்கிறான். மூன்று பக்கம். கடைசியில், 'அக்கா, வாபஸ் வாங்க மாட்டேன் என்று நான் சொன்னது சரிதானே?' என்று கேட்கிறான். நேராகக் கேட்கிறான், கூச்சமே இல்லாமல். அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது. 'ரொம்பச் சரிடா' என்று பதில் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். அவனைப் பார்க்க அவசரமில்லை, அவன் எங்கேயும் போய்விட மாட்டான். அச்சகத்தின் சீலை எடுத்துவிட்டார்களாமே, அவன் அங்கே இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல். வருகிறேன்.

அக்கா